எடைக்குப் போடும் முன்

சாமான் சேர்ப்பதில் மனிதனுக்குள்ள உற்சாகம் சாமான் கழிப்பதில் இருப்பதில்லை. கல்யாணம், கிருகப் பிரவேசம், தீபாவளி என்று ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டு வீட்டுக்குள் பொருள்கள் வந்த வண்ணமாகவே இருக்கின்றன. உள்ளே வந்த பொருள் மறுபடியும் வாசற்படியைத் தாண்டுவதற்கு மட்டும் நல்ல நாள் அமைவதே இல்லை. முதலில் பரண் நிறைகிறது. பிறகு கட்டிலுக்கு அடியிலுள்ள இடம் நிறைகிறது. அதற்கும் பிறகு, விருந்தாளிக்கென்று ஒதுக்கிய அறையே சாமான் அறையாகி, விருந்தாளி கூடத்தில் படுக்க நேருகிறது. ஐம்பது வருஷ காலத்தில் சேர்ந்தவற்றை ஐந்தே நாளில் கழிக்க வேண்டிய சந்தர்ப்பம் வரும்போதுதான், "நம் வீட்டில் இத்தனை சாமானா!" என்று வீட்டாரே திகைத்து நிற்கிறார்கள்.

அந்தச் சந்தர்ப்பம் இந்நாளில் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு வந்து கொண்டிருக்கிறது. கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் மயிலாப்பூரிலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு கிடக்கும் பழைய வீடுகளில் இன்று வயதான தம்பதிகள் இருவரோ, அவர்களில் எஞ்சிய ஒருவரோதான் வசிக்கிறார்கள். மக்கள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை; கிணற்றடிக்குப் போய் வருவதற்கே கால் தடுமாறுகிறது. கடைசியில் வீடு விற்கப்படுகிறது. அல்லது இடிக்கப்பட்டு, அதே இடத்தில் அடுக்கு மாடிக் கட்டடம் எழும்புகிறது. பெரியவர்கள் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட ஜாகைக்குக் குடி போகிறார்கள்.

இதில் தவறு ஒன்றுமில்லை. மனிதருக்காக வீடே தவிர, வீட்டுக்காக மனிதர் அல்ல. ஆனால் அந்த வீட்டுச் சாமான்கள் வெளியேறும் விதம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பொதுவாக நடப்பது இதுதான். வெளியூரிலிருந்து மகனோ மகளோ பத்து நாள் லீவில் வந்து சேருகிறார்கள். முதல் ஆறு நாட்கள் பத்திரம், பாங்கி, வக்கீல் என்று கழிந்து விடுகின்றன. ஏழாம் நாள் மூட்டை கட்டுவோர் வருகிறார்கள். எட்டாம் நாள் காலையில்தான் பரணின் நினைவு வருகிறது. உடனே காயலான் கடைக்காரருக்கு ஆள் போகிறது. அவரும் தராசும் சாக்குமாக வந்து விடுகிறார். அண்டா, தவலை, கொப்பரை, குத்துவிளக்கு, வெண்கலப் பானை, கூஜா, படி, உழக்கு எல்லாம் கூடத்தில் ஒரே குவியலாகக் கொட்டப்படுகின்றன. "எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லுங்கள்" என்கிறார் மகன். வியாபாரியும் சொல்லுகிறார். சாயங்காலத்துக்குள் கூடம் காலியாகிறது. மூன்று தலைமுறைக் குடித்தனம் ஒரு சிறு லாரியில் ஏறித் தெருக்கோடியில் திரும்பி மறைகிறது.

வியாபாரியை நாம் குறை கூறவில்லை. உலோகத்தை உலோகமாக வாங்குவது அவர் தொழில். வாங்குகிறவருக்குத் தெரிந்த விஷயம் விற்கிறவருக்குத் தெரியாமலிருப்பதுதான் நஷ்டத்துக்கெல்லாம் காரணம். ஆகையால், எந்தப் பொருளையும் தராசில் வைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இது என்ன? இது யாருடையது? இனிமேல் இது யாருக்குப் பயன்படும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு விற்பவர்கள் தாராளமாக விற்கலாம். விடை தெரியாமல் விற்பவர்கள் பணத்தை மட்டுமல்ல, வேறு சிலவற்றையும் இழக்கிறார்கள்.

செட்டிநாடு கற்பித்த பாடம்

ஒரு வீடு அல்ல, ஒரு பிரதேசம் முழுவதுமே சாமான்களைக் கழிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் செட்டிநாடு நமக்குக் காட்டியிருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திப் பொருளீட்டிய நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். தூணுக்குப் பர்மாத் தேக்கு வந்தது. தரைக்கு இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி வந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இனாமல் பாத்திரங்கள் வந்தன. ஒரே வீட்டில் பல புள்ளிகள். மணமான ஒவ்வொரு தம்பதிக்கும் ஓர் அறை. அறை நிறைய ஆச்சி கொண்டு வந்த சீர்ச் சாமான்கள். கல்யாண வீட்டில் அந்தச் சாமான்களையெல்லாம் பலரும் பார்க்கும்படி பரப்பி வைப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

1930-க்குப் பிறகு காற்று திரும்பியது. உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மா அரிசியின் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பித் தர முடியாத குடியானவர்களின் நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் சுமார் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. காகிதத்தில் பெருஞ் செல்வம். கையில் ரொக்கம் இல்லை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் செய்தது. 1962-க்குப் பின் வந்த ராணுவ அரசாங்கம் பாங்கிகளையும் வியாபாரத்தையும் எடுத்துக் கொண்டது. இங்கே வீடுகள் நின்றன. அவற்றைக் காப்பாற்றும் வருமானம் நின்று போயிற்று.

அதன் பிறகு, பூட்டிய அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாத்திரம் போயிற்று, பிறகு கண்ணாடியும் கடிகாரமும் போயின, சில வீடுகளில் கதவும் தூணுமே கழற்றி விற்கப்பட்டன. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குச் செல்பவர்கள் அந்தச் சாமான்களை இன்றும் பார்க்கலாம். இனாமல் கிண்ணமும், பூட்டும், மரப்பாச்சியும், பழைய படங்களும் அங்குள்ள கடைகளில் குவிந்து கிடக்கின்றன. எங்கெங்கிருந்தோ வந்து அவற்றை வாங்கிப் போகிறார்கள்.

இந்த விஷயத்தில் மகாத்மா காந்தியின் அபிப்பிராயத்தை நேயர்கள் அறிந்து கொள்வது நல்லது. 1927 செப்டம்பரில் அவர் செட்டிநாட்டில் சுற்றுப் பிரயாணம் செய்தார். கதர் நிதிக்குப் பணம் திரண்டது. உபசாரம் தடபுடலாக நடந்தது. ஆனால் அவர் தங்கிய வீடுகளில் அந்நிய மேஜை நாற்காலிகளும் கண்ணாடிச் சாமான்களும் நடக்க வழியின்றி அடைத்திருந்ததைக் கண்டு, அவர் அதைக் கூட்டத்திலேயே கண்டித்துப் பேசினார். வீட்டைச் சீர்செய்யும் பொறுப்பைத் தம்மிடம் ஒப்புவித்தால் பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட வசதியாகச் செய்து தருவதாகவும் வேடிக்கையாகச் சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பதினைந்து வருஷத்துக்குள் பர்மாச் செல்வம் ஆட்டங் கண்டது.

ஆகவே செட்டிநாட்டிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. சாமானைக் கழிப்பது அவமானம் அல்ல என்பது ஒன்று. அளவுக்கு மிஞ்சிச் சேர்த்ததுதான் பாரம். அதை இறக்கி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றொரு பாடம், அறிந்தவர் கைக்குப் போன பொருள் பிழைத்தது, உலைக்குப் போன பொருள் அழிந்தது என்பது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்று மறுபடியும் நிறுத்தப்பட்டிருக்கிறது. இடிபட இருந்த வீட்டின் தூணும் கதவும் அங்கே பிழைத்திருக்கின்றன. இன்ன பொருள் இன்னதென்று ஒருவர் அறிந்து வாங்கியதன் பலன் அது.

இது என்ன?

முதற் கேள்விக்கு வருவோம். மஞ்சளாகப் பளபளப்பதெல்லாம் பித்தளை என்று பலர் எண்ணுகிறார்கள். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். வெள்ளீயத்தின் விலை அதிகமாகையால் வெண்கலத்துக்குப் பித்தளையைவிட மதிப்பு அதிகம். தட்டிப் பார்த்தால் வெண்கலம் மணி போல் நெடுநேரம் ரீங்காரமிடும். பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும். வெண்கலம் விரிசல் விடும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டுப் பித்தளை விலைக்குக் கொடுப்பது முதல் நஷ்டம்.

இரண்டாவது நஷ்டம் ரசம் வைக்கும் ஈயச் செம்பில் ஏற்படுகிறது. நல்ல ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது 232 டிகிரி உஷ்ணத்திலேயே உருகிவிடும். ஆகையால்தான் வெறும் செம்பை அடுப்பில் வைக்கக் கூடாதென்று பாட்டிமார் எச்சரித்தார்கள். வெள்ளீயம் செம்பைக் காட்டிலும் பன்மடங்கு விலையுள்ளது. காரீயமோ மலிவு, கனமும் கருமையும் அதிகம், சமையலுக்கு உதவாத விஷம். 'ஈயம்' என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்குவதால், வெள்ளீயச் செம்பு காரீய விலைக்குப் போய்விடுகிறது. வாங்குகிறவர் எந்த ஈயமென்று சொல்லி விலை பேசும்படி கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, உலோகத்தின் விலை வேறு, வேலைப்பாட்டின் விலை வேறு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் தஞ்சாவூர்த் தட்டும் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழிற் பொருள்கள். அச்சில் வார்த்து, கடைந்து, செதுக்கிய கம்மாளரின் உழைப்பு தராசு முள்ளில் தெரியாது. பழைய விளக்கை விற்குமுன் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம். பழம் பொருளை வாங்குவோர் நாட்பட்ட நிறத்தையே விரும்புகிறார்கள். படி, உழக்கு, ஆழாக்கு முதலிய அளவைகளும் அப்படியே. 1960-களின் தொடக்கத்தில் மெட்ரிக் அளவை நாடெங்கும் வந்த பிறகு அவற்றுக்குக் கடையில் வேலையில்லாமற் போயிற்று. அதனாலேயே, முத்திரை குத்திய பழைய அளவைகளைத் தேடுவோர் இப்போது இருக்கிறார்கள்.

படங்களின் விஷயமும் இப்படித்தான். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கிய பின்பு, லக்ஷ்மியும் சரஸ்வதியும் வர்ண அச்சுப் படங்களாக வீடுதோறும் வந்தார்கள். பிற்காலத்தில் கோவில்பட்டி கொண்டையராஜு முதலிய சித்திரக்காரர்கள் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசிக் காலண்டர்களாக வந்தன. கையால் எழுதிப் பொன் ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படமும், ரவிவர்மா அச்சுப் படமும், காலண்டர்ப் படமும் ஒரே சுவரில் ஒரே மாதிரிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. சட்டத்துக்கு விலை பேசிப் படத்தைக் கொடுத்து விடுகிறவர்கள் உண்டு. தஞ்சாவூர்ப் படத்தை ஈரத் துணியால் துடைப்பதும் கூடாது. பொன் ரேக்கின் அடியிலுள்ள சுண்ணக் கலவை கரைந்துவிடும்.

பரணில் சிறிய மரப்பெட்டி ஒன்று கிடந்தால் திறந்து பார்க்காமல் விறகோடு சேர்க்க வேண்டாம். அது பெட்டி ராட்டையாக இருக்கலாம். காந்திஜி எரவாடாச் சிறையில் இருந்த காலத்தில் உருவான இந்த ராட்டையில் நம் பாட்டனார்களும் பாட்டிமார்களும் நூல் நூற்றார்கள். எடை போட்டால் அதற்கு விலையே இல்லை. ஆனால் ஒரு பொருளின் சரித்திரமே அதற்கு விலையாவதும் உண்டு. காந்திஜியின் மூக்குக் கண்ணாடி, கடிகாரம், செருப்பு, ஒரு கிண்ணம், ஒரு தட்டு ஆகியவை 2009-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, இந்தியர் ஒருவர் 18 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை எடுத்தார். நம் வீட்டு ராட்டைக்கு அந்த விலை வராது என்பது உண்மைதான். ஆயினும் அது யாருடையது, எப்போது நூற்றது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் மரமாக இராது.

இது யாருடையது?

இரண்டாவது கேள்விதான் மிகவும் முக்கியமானது. அதையே மிகக் குறைவாகக் கேட்கிறார்கள்.

பழைய பாத்திரத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். சில சமயம் முதலெழுத்துக்கள் மட்டும் இருக்கும். சில சமயம் ஊரும் தேதியுங்கூட இருக்கும். அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர். வீட்டுப் பத்திரம் ஆண் பெயரில். நிலத்துப் பட்டா ஆண் பெயரில். கடைக் கணக்கு ஆண் பெயரில். ஐம்பது வருஷம் அந்த வீட்டில் உழைத்தவளின் பெயர் பத்திரத்தில் இல்லை; பாத்திரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தை அவளைக் கேளாமலே எடைக்குப் போடுகிறோம்.

அவளைக் கேட்பது மரியாதை மட்டுமன்று, சட்டமுங்கூட. பிறந்த வீட்டிலிருந்து வந்த சீரும் கல்யாணத்தின்போது கொடுத்த பரிசுகளும் ஸ்திரீ தனம். அது மனைவிக்கே முழு உரிமையானது என்றும், கணவனுக்கோ அவன் குடும்பத்தாருக்கோ அதில் பாத்தியதை இல்லையென்றும் சுப்ரீம் கோர்ட்டு 1985-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டமும் பெண்ணின் சொத்து அவளுக்கே பூரண சொந்தம் என்கிறது. தாயார் உயிரோடிருக்கையில் அவளுடைய தவலையை விற்கும் அதிகாரம் பிள்ளைக்குக் கிடையாது. பிள்ளை எவ்வளவு படித்தவனாயிருந்தாலும், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் கிடையாது.

"அம்மா, இதெல்லாம் இனி எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேட்கிற குரலிலேயே பதிலும் இருக்கிறது. அவளும், "உங்கள் இஷ்டம்" என்று சொல்லி விடுகிறாள். தமிழ்நாட்டுத் தாய்மார்களின் பாஷையில் "உங்கள் இஷ்டம்" என்றால் சம்மதம் என்று அர்த்தம் அல்ல. வீட்டை விட்டுப் போகும் வயதான ஸ்திரீக்கு அந்தச் சமையற்கட்டுத்தான் ராஜ்யமாயிருந்தது. எந்தப் பாத்திரம் தன் தாயார் கொடுத்தது, எது முதற் பிரசவத்துக்கு வாங்கியது, எந்த அண்டாவில் நூறு பேருக்குச் சாதம் வடித்தது என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். ஒரு நாள் முழுவதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினால், அவளே பலவற்றை, "இதைப் போடு, அதைக் கொடு" என்று பிரித்து விடுவாள். புதிய ஜாகைக்கு எடுத்துச் செல்ல அவள் கேட்பது பெரும்பாலும் நாலைந்து சாமான்கள்தான். அந்த நாலைந்துக்கு இடமில்லை என்று சொல்லும் வீட்டை, வசதியான வீடென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சகோதர சகோதரிகளுக்குள் பங்கு பிரிப்பதிலும் நிதானம் வேண்டும். வீட்டைப் பிரித்துக் கொண்டவர்கள் சண்டையின்றி இருக்க, ஊஞ்சற் பலகைக்காகப் பேச்சு வார்த்தை நின்று போன குடும்பங்கள் உண்டு. முதலில் ஒரு ஜாபிதா எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம் எடுத்து, எல்லோருக்கும் அனுப்பி வைப்பது உத்தமம். வேண்டுமென்பவர் குறிப்பிட்ட தேதிக்குள் சொல்லி, தம் செலவில் எடுத்துப் போகட்டும். இருவர் ஒன்றையே கேட்டால் திருவுளச் சீட்டுப் போடலாம். தேதி கடந்த பிறகு யாரும் ஆட்சேபம் சொல்லலாகாது.

காகிதத்தைக் கவனியுங்கள்

பாத்திரத்துக்கு அடுத்தபடி எடைக்குப் போவது காகிதம். இதில் ஏற்படும் நஷ்டம் பாத்திரத்தைவிடப் பெரிது. பழைய ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்ட காலம் ஒன்று இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, மிஞ்சிய சுவடிகளைத் தேடிச் சங்க நூல்களை அச்சேற்றிய மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் உழைப்பு இல்லாவிடில், நாம் எவ்வளவு ஏழைகளாயிருப்போம்! அவர் காலமான மறு வருஷம், 1943-ல், அவர் பெயரால் சென்னையில் நூல் நிலையம் ஏற்பட்டது.

ஏட்டுக்கு நேர்ந்த கதி அச்சுக் காகிதத்துக்கும் நேராதபடி பார்த்துக் கொண்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று பிறர் குப்பையென்று தள்ளியவற்றையெல்லாம் அவர் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ சர்வகலாசாலை அந்தத் தொகுதியை வாங்கியது. ஆனால் கடல் கடந்து எடுத்துப் போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ்நாட்டின் நூறு, நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரத்தை எழுத விரும்புவோர் அங்கேதான் போகிறார்கள். தாத்தாவின் டைரி, கடிதக் கட்டு, கணக்குப் புத்தகம், 1947-க்கு முந்திய பத்திரிகைகள் ஆகியவற்றை எடைக்குப் போடுமுன் இத்தகைய நூலகம் ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள். ஏட்டுச் சுவடியாயின் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் தஞ்சாவூர் சரஸ்வதி மகாலும் இருக்கின்றன.

வேறு விதக் காகிதமும் உண்டு. அரிசி டிரம்மிலும், புடைவை மடிப்பிலும், அஞ்சறைப் பெட்டியின் அடியிலும் பணமும் பத்திரமும் ஒளிந்திருப்பது நம் வீட்டு வழக்கம். 2016 நவம்பரில் செல்லாமற் போன 500, 1,000 ரூபாய் நோட்டுக்கள் இப்போது கிடைத்தால் பெருமூச்சுத்தான் விடலாம். ஆனால் பழைய கம்பெனிப் பங்குப் பத்திரம் கிடைத்தால் கிழித்தெறிய வேண்டாம். லாபப் பங்கு ஏழு வருஷம் தொடர்ந்து கேட்பாரின்றிக் கிடந்தால் அந்தப் பங்குகள் அரசாங்க நிதிக்கு மாற்றப்படுகின்றன. உரியவரோ வாரிசோ விண்ணப்பம் செய்து அவற்றை மீட்கலாம்.

விற்கலாகாதவை

சில பொருள்களை இஷ்டப்படி விற்க முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. 1972-ஆம் வருஷத்துப் பழம் பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியவை பழம் பொருள்களாகும். கையெழுத்துச் சுவடியாயின் 75 வருஷமே போதும். அவற்றைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். அவற்றில் வியாபாரம் செய்பவர் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். சில வகைகளைத் தொல்பொருள் இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பூஜை அறையிலுள்ள பழைய ஐம்பொன் விக்கிரகத்தை ரசீதில்லாமல் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பிற்பாடு போலீசாருக்குப் பதில் சொல்ல நேர்வதைவிட, முன்னதாகவே விசாரிப்பது நலம். அமெரிக்காவிலுள்ள மகன் பாட்டியின் விக்கிரகத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போவதும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கியதே.

அதே 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கூடத்துச் சுவரிலுள்ள மான் கொம்பையும் புலித்தோலையும் தந்தச் சாமானையும் விற்பதற்கில்லை. அவற்றைப் பற்றி வன இலாகாவினரிடம் விசாரித்து, அவர்கள் சொல்லுகிறபடி செய்வதே சரி.

இனி யாருக்குப் பயன்படும்?

இவ்வளவும் போக எஞ்சுவதை விற்கலாம். சாமானைப் பார்த்து விற்க வேண்டுமே தவிர, குவியலைப் பார்த்து விற்கலாகாது. 'மொத்தமாக ஒரு விலை' என்பது விற்பவருக்கு எப்போதுமே நஷ்டம். குவியலில் உள்ள நாலு நல்ல பொருளை உத்தேசித்துத்தான் வாங்குகிறவர் மீதியையும் எடுத்துக் கொள்ளுகிறார். உலோகங்களை வகைவாரியாகப் பிரித்து, வீட்டிலேயே ஒரு முறை எடை போட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். மரச் சாமானில் தேக்கு எது, ஈட்டி எது என்று தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. சொந்த உபயோகத்துக்கான சாதாரண வீட்டுச் சாமானை விற்ற லாபத்துக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. நகை, ஓவியம், சிற்பம் முதலியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.

விலை பெறாத பொருள்களும் உண்டு. அவற்றையும் குப்பையென்று கொள்ள வேண்டியதில்லை. அண்டாவும் கொப்பரையும் கோவில் மடைப்பள்ளிக்கும் கிராமத்துப் பொதுக் காரியங்களுக்கும் உதவும். தையல் யந்திரத்தை வைத்துப் பிழைக்கக் கூடிய ஒரு பெண் அடுத்த தெருவிலேயே இருப்பாள். ராட்டையும் சுதந்திரப் போராட்டக் காலத்துக் கடிதங்களும் இருந்தால், 1959-ல் ஏற்பட்ட மதுரை காந்தி நினைவு மியூஸியம் போன்ற ஸ்தாபனத்துக்கு எழுதிக் கேட்கலாம். அந்த வீட்டில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர்களை முதலில் நினைக்க வேண்டும்; வியாபாரிக்கு முன்னால் அவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. கொடுப்பதை நல்ல நிலையில் கொடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். உடைந்த நாற்காலியைத் தானம் செய்வது, குப்பையைத் தள்ளிவிடும் கூலியை மிச்சப்படுத்துவதே அல்லாமல் தர்மம் ஆகாது.

அந்நிய சாமானின் மேல் இருந்த மோகத்தை ஒரு காலத்தில் தெருவில் குவித்துக் கொளுத்தினோம். இன்று நம் ஊர்க் கன்னானும் தச்சனும் நெசவாளியும் கைபடச் செய்த பொருள்களை நாமே இன்னதென்று அறியாமல் உலைக்கு அனுப்புகிறோம். அவற்றையெல்லாம் கட்டிக் காக்கும்படி யாரையும் நாம் சொல்லவில்லை. இரண்டு அறை ஜாகையில் அது நடக்கவும் நடக்காது. பத்து நாள் லீவில் வருகிறவர்கள் முதல் இரண்டு நாட்களைப் பரணுக்கென்று ஒதுக்கட்டும். அந்த இரண்டு நாளும் தாயாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளட்டும். காயலான் கடைக்காரர் மூன்றாம் நாள் வந்தால் போதும்.